இரண்டு பேர் பார்த்தால்தான் கணக்கு

சாவிக்காரர் பொய் சொல்லும் இடம் உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அது ஏரிக்கரை.

கடையில் அவர் அப்படியில்லை. திறக்காத பூட்டைத் திறக்காது என்பார். புதுச் சாவி கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்று தெரிந்தால், "நாலு நாள் இழுத்துத்தான் திருப்பணும்" என்று சொல்லிவிட்டுத்தான் காசுக்குக் கை நீட்டுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமை காலையானால் கழுத்தில் இரவல் பைனாகுலரை மாட்டிக்கொண்டு, நாலு பெரிய மனிதர்களுக்கு நடுவே நின்று, "பார்த்தேன் டாக்டர், நல்லாப் பார்த்தேன்" என்று வாய் கூசாமல் புளுகிக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஒரு காரால் வந்த வினை. ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவர், அறுபதைத் தாண்டிய பெண்மணி, ஏரிக்கரையில் காரை நிறுத்தினார். நிறுத்தியவர் சாவியை உள்ளேயே விட்டுக் கதவைச் சாத்திவிட்டார். போன் போட்டு இவரை வரவழைத்தார். இவர் வந்து கம்பியை உள்ளே விட்டு, டாக்டர் கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் கதவைத் திறந்து கொடுத்தார். "வந்தது வந்தீங்க, எங்களோட ஒரு நடை வாங்களேன். பறவை பாக்கலாம்" என்றார் டாக்டர். அவரோடு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதில் யாரோ ஒரு பழைய பைனாகுலரை எடுத்து இவர் கழுத்தில் போட்டார்கள்.

இந்த இடத்தில் சாவிக்காரர்களின் பிழைப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்களைத் தேடி யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. வருகிறவர்கள் பூட்டிய கதவுக்கு வெளியே மாட்டிக்கொண்டவர்கள், அதற்காக மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், ஆபீசுக்கு நேரமாகிவிட்டதென்று குதிப்பவர்கள். வேலை முடிந்ததும் அந்த முகத்தை மறந்துவிடத்தான் பார்ப்பார்கள். ஏரிக்கரையிலோ இவரைக் கண்டதும் எல்லோரும் சிரித்தார்கள். "வாங்க சாவி" என்றார்கள். அங்கே யாரும் எதையும் தொலைத்திருக்கவில்லை. அந்த ஒரு நடையில் கிடைத்த சந்தோஷம் அவருக்கு வாரம் முழுவதற்கும் வந்தது.

பறவைகள்தான் தெரியவில்லை.

முதல் நாளே டாக்டர், "நாணல்ல, இடது பக்கம், கதிர்க்குருவி. பார்த்தீங்களா சாவி?" என்று கேட்டார். இவர் பைனாகுலரைத் தன் சோடாபுட்டிக் கண்ணாடியின் மேல் வைத்தார். நடுவில் பொட்டளவு வெளிச்சம், சுற்றிலும் கறுப்பு. சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தால் எப்படியோ அப்படி. அந்தப் பொட்டுக்குள் ஒரு நாணல் ஆடியது, குருவியைக் காணோம். பின்னால் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தன் ஒருவனுக்காக இத்தனை பேர் காத்திருக்கிறார்களே என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. "பார்த்தேன்" என்றார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு பறவையை இரண்டு பேர் பார்த்தால்தான் அன்றைய கணக்கில் சேரும். முன்பு ஒரு மனிதர் வந்துகொண்டிருந்தாராம். எல்லோரும் காக்கையைப் பார்க்கும்போது அவருக்கு மட்டும் கழுகு தெரியுமாம். அவர் வாயை அடைக்க டாக்டர் போட்ட சட்டம் அது. அவர் போய்விட்டார், சட்டம் மட்டும் தங்கிவிட்டது. டாக்டர் ஒரு பறவையின் பேரைச் சொல்வார். மற்றவர்கள் லென்ஸைத் துடைத்து, வாரைச் சரிசெய்து, "எங்க, எங்க" என்று அலைவதற்குள் அது போய்விடும். இவர் ஒருவர்தான் உடனே "பார்த்தேன்" என்பார். பறவை கணக்கில் ஏறும். அதனால் டாக்டர் இவரையே கேட்டுப் பழகிவிட்டார். "நம்ம சாவிக்குக் கழுகுக் கண்ணு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லவும் ஆரம்பித்தார். ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடை முடிந்து திரும்பும்போது டாக்டர் சொன்னார்: "எனக்குக் கொஞ்சம் ஆஸ்பத்திரி வேலை இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. மூணு வாரம் வர மாட்டேன். அதுவரைக்கும் சாவிதான் உங்களை எல்லாம் கூட்டிட்டுப் போவார்."

எல்லோரும் கை தட்டினார்கள். சாவிக்காரரும் என்ன செய்வதென்று தெரியாமல் கூடவே தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கொட்டிவிட்டார். அவள் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள். துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் மடித்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒரு வருஷமாவா? ஒரு குருவியக் கூடவா பாக்கல?"

"கொக்கு பாத்தேன். அது பைனாகுலர் இல்லாமலே தெரியும்."

"என்கிட்ட வலிக்கல வலிக்கலன்னு பொய் சொல்றவங்க கூட ஊசிய எடுத்ததும் உண்மையச் சொல்லிடுவாங்க. நீங்க வருஷக் கணக்குல ஓட்டியிருக்கீங்க." சிரிப்பு அடங்கியபின் அவர் முகத்தைப் பார்த்தாள். அங்கே ஈயாடவில்லை. "இப்ப என்ன, போகாம இருந்துடுங்களேன்."

"போகாம இருக்க முடியாது" என்றார் சாவிக்காரர். அவரே எதிர்பாராத வேகத்தில் வந்தது அது. "எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான். உண்மை தெரிஞ்சா அவங்க என்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நல்ல மனுஷங்க. ஆனா அப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அங்க போய் நிக்கிறது?"

அவள் துணியை ஓரமாக வைத்தாள். "அப்ப சொந்தமா ஒண்ணு வாங்குவோம். யாரோ போட்ட செருப்பு மாதிரி யாரோ வெச்ச பைனாகுலர், அது எப்படிச் சரியா இருக்கும்? ஆனா ஒண்ணு, மிக்ஸி விலைக்குள்ள இருக்கணும். போன் விலைக்குப் போச்சுன்னா நீங்க கொக்கையே பாத்துக்கிட்டு இருங்க."

வாங்கப் போகும்போது மச்சினனும் ஒட்டிக்கொண்டான். அவன் போன் உறை விற்கும் கடை வைத்திருப்பவன். ஆகவே லென்ஸ் உள்ள எதுவும் தன் ராஜ்யத்துக்கு உட்பட்டது என்பது அவன் நினைப்பு.

"மாமா, பவர்தான் முக்கியம். எட்டு, பத்து எல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம். ஜூம் உள்ளதா வாங்குங்க. முப்பது மடங்கு. பறவையோட இமை முடிய எண்ணலாம்."

"பறவைக்கு ஏதுடா இமை முடி?" என்றாள் அவன் அக்கா.

"அதான் எண்ணிப் பாத்தாத்தானேக்கா தெரியும்."

கேமரா கடையில் ஒரு பெண் நின்றிருந்தாள். பேச்சில் அவசரமில்லாதவள். மச்சினன் கேட்டதை மறு பேச்சில்லாமல் எடுத்து வைத்தாள். பார்க்க மிடுக்காகத்தான் இருந்தது. கண்ணாடிகள் சிவப்பாக மினுங்கின. சாவிக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். தெருவுக்கு எதிர்ப்புறம் ஒரு மருந்துக் கடை, அதன் பெயர்ப் பலகை, பலகை மேல் ஒரு புறா. இவர் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். புறாவைக் காணோம், பலகையைக் காணோம், மருந்துக் கடையே இருந்த இடம் தெரியவில்லை. தேடித் தேடிக் கடைசியில் சாம்பல் நிறமாக ஏதோ ஒன்று அகப்பட்டது. அதுவும் ஓடும் பஸ்ஸில் நின்று பார்ப்பது போலக் குலுங்கியது.

"எப்படி மாமா?"

"நல்லாத் தெரியுது" என்றார். பழக்க தோஷம்.

"என்ன தெரியுது?" என்று பக்கத்தில் வந்து கேட்டாள் மனைவி.

"புறா."

"அது பறந்து போய் ரொம்ப நேரமாச்சு."

சாவிக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். மச்சினன் வேறு பக்கம் திரும்பி ஒரு கேமராப் பையின் விலையை ஆராய்ந்தான்.

"இதோ பாருங்க," என்றாள் மனைவி தாழ்ந்த குரலில், "கைய நீட்டிக்கிட்டு வலிக்கலன்னு சொல்ற மூஞ்சிய நான் தினமும் பாக்கறவ. உங்க மூஞ்சி இப்ப அந்த மூஞ்சி. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. யாரும் அடிக்க மாட்டாங்க."

அவர் உள்ளே வந்து, பைனாகுலரை மேசை மேல் வைத்து, அந்தப் பெண்ணிடம் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு எதுல பாத்தாலும் சாவித் துவாரம் மாதிரிதாம்மா தெரியுது. நடுவுல இத்தனூண்டு வட்டம். சுத்திக் கறுப்பு. பைனாகுலர்னா எல்லாருக்கும் அப்படித்தானே? அதுக்குள்ள எப்படிப் பறவைய சட்டுன்னு பிடிக்கறாங்கன்னுதான் எனக்குப் புரியல."

அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து வேறொரு பைனாகுலரை எடுத்தாள். கறுப்பு, மினுக்கு எதுவும் கிடையாது, எட்டு மடங்குதான். கண் வைக்கும் இடத்தில் இருந்த இரண்டு ரப்பர் வளையங்களையும் ஒரு திருகு திருகினாள். அவை உள்ளே அமுங்கின.

"இந்த வளையம் கண்ணாடி போடாதவங்களுக்கு, சார். நீங்க கண்ணாடி மேல வெச்சுப் பாக்கறீங்க. வளையம் வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா உங்க கண்ணு ரொம்பப் பின்னால போயிடும். அதான் துவாரம். இப்பப் பாருங்க."

அவர் மறுபடி வாசலுக்குப் போய்க் கண்ணில் வைத்தார்.

தெரு மொத்தமும் உள்ளே வந்தது. மருந்துக் கடைப் பலகை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, அதன் மேல் படிந்த தூசி, ஒரு எழுத்தின் வண்ணம் உரிந்திருந்தது, எல்லாம் ஒரே சமயத்தில். கறுப்பைக் காணோம். புறா திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. அதன் கழுத்தில் பச்சை இருந்தது, அது தலையைத் திருப்பியதும் பச்சை போய் ஊதா வந்தது. கண் ஆரஞ்சு நிறம். புறாவுக்கு ஆரஞ்சுக் கண் என்பது இத்தனை வயதுக்கு அவருக்குத் தெரியாது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே போன ஒரு வருஷத்தை நினைத்து வயிறும் எரிந்தது.

"என்ன மாமா, பேச்சைக் காணோம்?"

"சும்மா இருடா," என்றாள் அக்கா, "அவர் பாக்கறார்."

அதன் பிறகு வாங்குவது சுலபமாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஆனால் சாவிக்காரர் விடவில்லை. சாவி ஒன்றைப் பத்துப் பூட்டில் போட்டுப் பார்ப்பது போல, மிக்ஸி விலைக்குள் இருந்த அத்தனையையும் வாங்கி வாங்கிப் பார்த்தார். ஒன்றில் வளையத்தை முழுக்க அமுக்கியும் ஓரத்தில் கறுப்பு நின்றது. "கண்ணாடிக்காரங்களுக்கு அதுல இடம் பத்தாது சார். பெட்டியில இந்த எண்ணைப் பாருங்க, லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவுல எத்தனை மில்லிமீட்டர் இடம்னு சொல்றது, பதினாறு பதினேழு இருந்தாத்தான் உங்களுக்கு ஆகும்" என்றாள் அந்தப் பெண். இன்னொன்று பத்து மடங்கு. புறா கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது, ஆனால் இவர் மூச்சு விட்டால் அது ஆடியது. மற்றொன்று சட்டைப் பையில் போடும் அளவு. அதைக் கண்ணுக்கு நேராக நிறுத்துவதற்கே ஒரு தனி வித்தை வேண்டியிருந்தது, வெளிச்சமும் மங்கல். வலது பக்கம் தனியாக ஒரு வளையம் இருப்பதையும், இடக் கண்ணுக்கு முதலில் சரிசெய்துவிட்டு அந்த வளையத்தால் வலக் கண்ணுக்குச் சரிசெய்ய வேண்டும் என்பதையும் அந்தப் பெண் காட்டிக் கொடுத்தாள். சுற்றிச் சுற்றி, புறாவைக் காட்டிக் கொடுத்த அந்தக் கறுப்பு பைனாகுலரிடமே வந்து நின்றார்.

"எட்டுதானா மாமா?" என்றான் மச்சினன் மனம் தளர்ந்து.

"எட்டுல தெரியுதுடா மாப்ள. முப்பதுல தெரியல."

மனைவியும் வாங்கிப் பார்த்தாள். அவளுக்குக் கண்ணாடி கிடையாது, வளையத்தை வெளியே திருகிவிட்டு மருந்துக் கடைக்குள் ஒருவர் தும்முவதை ரசித்தாள். விலையைக் கேட்டாள். மிக்ஸி விலையை ஒரு நூலிழை தாண்டியது. ஆனாலும் அவளே பையைத் திறந்தாள்.

மறுநாள் முதல் சாவிக்காரர் பயிற்சியில் இறங்கினார். கடையில் கிராக்கி இல்லாத நேரமெல்லாம் பைனாகுலரோடு வாசலில் நின்றார். எதிர்க் கட்டடத்து மாடியில் சிட்டுக்குருவிகள் இருந்தன. ஆண் குருவிக்குத் தாடையில் கறுப்பு, பெண்ணுக்கு இல்லை. மைனாவின் கண்ணைச் சுற்றி மஞ்சள். ஊரில் இத்தனை நிறங்களை இத்தனை நாளும் தன்னிடம் மறைத்து வைத்திருந்தார்கள் என்று தோன்றியது அவருக்கு. அரை நாள்தான் ஆகியிருக்கும், பக்கத்து டீக்கடைக்காரர் மெல்ல வந்து தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நீங்க சாவி செய்யறவரு. கையில பைனாகுலர். காலையிலேருந்து மூணாவது மாடியையே பாத்துக்கிட்டு இருக்கீங்க."

"குருவி பாக்கறேன்பா."

"எனக்குத் தெரியும்ணே. மூணாவது மாடிக்காரங்களுக்குத் தெரியுமா? பயந்துபோய்ப் பூட்டை மாத்திட்டாங்க."

"தெரியுமே. அந்தப் பூட்டை வித்ததே நான்தானே."

சொன்ன பிறகுதான் அவருக்கே விஷயம் உறைத்தது. பைனாகுலரை உறைக்குள் போட்டு மேசைக்குள் வைத்துப் பூட்டினார். மனைவி கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அதன் பிறகு தினமும் கடை திறக்கும் முன் ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்தார். அங்கே பூட்டும் கிடையாது, மாடியும் கிடையாது.

ஞாயிறு வந்தது. கூட்டம் இவர் முகத்தைப் பார்த்தபடி வட்டமாக நின்றது. சாவிக்காரர் ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பழைய பொய்யை இப்போது எடுத்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. புதுப் பொய் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

"நான் பாத்தாத்தான் பாத்தேன்னு சொல்வேன்" என்றார். "பாக்கலன்னா பாக்கலன்னுதான் சொல்வேன். கோவிச்சுக்கக் கூடாது."

"அதுதானே எப்பவும்" என்றார் கூட்டத்தில் ஒருவர். தலைவரானதும் ஆள் கறாராகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

டாக்டராக இருந்தால் புதர்ப் பக்கம் ஒரு விரலை நீட்டி, சரசரவென்று பேர்களை அடுக்கியிருப்பார். இவருக்கு அது முடியாது. எங்கேயோ ஏதோ கூவியது. "என்ன சாவி அது?" என்று கேட்டார்கள். "தெரியல. பாக்கல" என்றார். கொஞ்ச தூரம் போனதும் இன்னொன்று. "தெரியல" என்றார். முகங்கள் தொங்கின. ஏரி வளைவில் ஒரு பட்ட மரம். அதன் கிளையில் நீலமாக ஒன்று. இவர் பைனாகுலரை எடுத்தார். மீன்கொத்தி. முழுசாக, அலகிலிருந்து வால் வரை. "பார்த்தேன்" என்றார். அந்தச் சொல்லின் எடை அவருக்கே புதிதாக இருந்தது. எல்லோருக்கும் இடம் சொன்னார். பட்ட மரம், இரண்டாவது கிளை, வலது நுனி. யாரையும் அவசரப்படுத்தவில்லை. கடைசி ஆளும் "ஆங், கிடைச்சிடுச்சு" என்று சொல்லும் வரை அப்படியே நின்றார். மீன்கொத்தியும் நல்ல பறவை, நின்றது. தண்ணீரில் விழுந்து எழுந்து மீனோடு வந்து அதே கிளையில் உட்கார்ந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் ஒரு பறவையை அத்தனை நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இருந்தாலும் கணக்கு கணக்குதான். சாயங்காலம் டாக்டர் போன் செய்தார்.

"இன்னைக்கு எத்தனை சாவி?"

இவர் சொன்னார். வழக்கமாக வருவதில் அது கால்வாசி கூட இல்லை.

"அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு டாக்டர் வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்த ஞாயிறும் கணக்கு தேறவில்லை. டாக்டர் ஒவ்வொரு முறையும் "அப்படியா" என்று மட்டும் சொன்னார்.

"கண்டுபிடிச்சிட்டாங்க" என்றார் சாவிக்காரர் மனைவியிடம். "அவங்க இருந்தா அத்தனை பறவை, நான் தனியாப் போனா இத்தனைதான்னா, சந்தேகம் வராம இருக்குமா? அடுத்த வாரம் அவங்க வந்துடுவாங்க. எல்லாரும் இருக்கும்போது கேட்டாங்கன்னா?"

"அதுக்கு முன்னாடி நீங்களே போய்ச் சொல்லிடுங்க. நானும் வரேன். ஆஸ்பத்திரியிலேருந்து வந்தவங்களைப் பாக்கப் போற மாதிரியும் ஆச்சு."

ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனார்கள். பைனாகுலரை மறக்காமல் எடுத்துக்கொள்ளச் சொன்னவள் மனைவிதான். புதிதாக வாங்கியதைக் காட்டுகிற சாக்கில் பேச்சை ஆரம்பிக்கலாம் என்பது அவள் யோசனை. டாக்டர் கதவைத் திறந்தார். முகத்தில் பெரிய கறுப்புக் கண்ணாடி. சாவிக்காரர் மனப்பாடம் செய்து வந்தது எல்லாம் அந்தக் கண்ணாடியைக் கண்டதும் மறந்துபோனது.

"கண்ணா டாக்டர் ஆபரேஷன்?"

"புரை. வலது கண் முடிஞ்சுது. இடது அடுத்த மாசம்." பால்கனியில் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். "நீங்க வந்தது நல்லதாப் போச்சு சாவி. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். போன்ல சொல்ல வெக்கமா இருந்தது."

சாவிக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ஒரு வருஷமாவே எனக்குச் சரியாத் தெரியல" என்றார் டாக்டர். "பக்கத்துல இருக்கிறது ஓரளவு தெரியும். தூரத்துல எல்லாம் ஒரே புகை. ஆனா காது நல்லாக் கேக்கும். சத்தம் கேட்டா இன்ன பறவைன்னு சொல்லிடுவேன், அதுல தப்பு வராது. பாத்தீங்களான்னு யாராவது கேட்டா ஆமான்னுடுவேன். எத்தனை பேருக்குப் பல்லைப் பிடுங்கிக்கிட்டே 'வலிக்காது'ன்னு சொல்லியிருக்கேன், இது என்ன பெரிய பொய்? ஆனா ரெண்டு பேர் பாக்கணுமே. நான் போட்ட சட்டமாச்சே. அதான் உங்களைக் கேப்பேன். நீங்க பாத்தேன்னு சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருக்கும். நான் பாக்கலன்னாலும் உண்மையாப் பாத்தவர் ஒருத்தர் இருக்கார்ல. உங்க கண்ண நம்பித்தான் சாவி நான் ஒரு வருஷத்தை ஓட்டினேன்."

சாவிக்காரர் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகினார். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கழுகுக் கண் பட்டம் அப்படியே நிலைத்துவிடும், டாக்டர் நன்றி வேறு சொல்வார், ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகாது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்து முறைத்திருந்தாலாவது தேவலை.

"டாக்டர்" என்றார். "நானும் பாக்கல."

"எதை?"

"எதையுமே. கொக்கைத் தவிர." ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். சாவித் துவாரம், கூச்சம், ரப்பர் வளையம், கேமரா கடைப் பெண், எல்லாம்.

டாக்டர் அசையாமல் கேட்டார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று சாவிக்காரருக்குத் தெரியவில்லை. தன் வாழ்க்கையில் எந்தப் பூட்டின் முன்னும் அவர் இப்படி வியர்த்ததில்லை.

"அப்ப," என்றார் டாக்டர் நிதானமாக, "நானும் பாக்கல. நீங்களும் பாக்கல."

"ஆமா டாக்டர்."

"யாருமே பாக்காத பறவையையா ஒரு வருஷமாக் கணக்குல ஏத்தினோம்?"

"பறவைங்க உங்க ரெண்டு பேரையும் பாத்திருக்கும்ல?" என்றாள் மனைவி ஆரஞ்சுச் சுளையை நீட்டி. "அந்த வகையில கணக்கு சரிதான்."

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கப் போய், துடைக்கக் கூடாது என்று நினைவு வந்து கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். சாவிக்காரரும் சிரித்தார். பல நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது அவருக்குத் தெரிந்தது. மூவரும் ஆரஞ்சைச் சாப்பிட்டார்கள்.

அப்போது கைப்பிடிச் சுவரின் கோடியில் ஒரு குருவி வந்து இறங்கியது. கறுப்பும் வெள்ளையுமாக, வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு. டாக்டர் பேரைச் சொல்லவில்லை. பைனாகுலருக்குக் கையை நீட்டினார். சாவிக்காரர் பைனாகுலரின் வளையங்களை வெளியே திருகிக் கொடுத்தார். டாக்டர் இடக் கண்ணை மூடி, வலக் கண்ணால் மட்டும், மெதுவாகப் பார்த்தார். நடு உருளையைத் திருப்பித் தெளிவாக்கினார். நெடுநேரம் பார்த்தார்.

"வாலாட்டி" என்றார் கடைசியில். குரல் சன்னமாகிவிட்டது. "முகம் எவ்வளவு வெள்ளை பாருங்க. இத்தனை நாளும் புரையில எனக்கு அது மஞ்சளாத்தான் தெரிஞ்சுது."

பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தார். சாவிக்காரர் வளையங்களை உள்ளே அமுக்கிக் கண்ணில் வைத்தார். வாலாட்டி சுவர் நெடுக நாலடி ஓடி, நின்று, எதையோ கொத்தியது.

"பார்த்தீங்களா சாவி?"

"இருங்க டாக்டர்" என்றார் அவர். "இன்னும் பாத்துக்கிட்டு இருக்கேன்."

டாக்டர் காத்திருந்தார்.